வாலுக்கு அடியில் கறுப்பு மணிகள்: வெட்டலாமா, விடலாமா?

#1 முத்துவின்_அக்கா · திங்கள், இரவு 9.50

வணக்கம். கொஞ்சம் பதற்றத்தோடு எழுதுகிறேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் இருக்கிறேன். எனக்குச் சொந்தக் குதிரை இல்லை. வாரத்தில் மூன்று நாள் ஒரு குதிரையின் பராமரிப்பும் செலவும் என்னுடையது, மற்ற நாள் இன்னொருவருடையது. பெயர் முத்து. காயடித்த ஆண், வயது 17, ஒரு காலத்தில் பந்தயத்தில் ஓடியது. நான் முதலில் பார்த்தபோது உடம்பெல்லாம் வட்ட வட்டமாகப் புள்ளி போட்ட சாம்பல் நிறம். இப்போது பால் வெள்ளை. மூக்கு நுனியும் கண்ணோரமும் மட்டும் கறுப்பு.

நேற்று சவாரி முடிந்து குளிப்பாட்டும்போது வாலைத் தூக்கிக் கழுவினேன். வாலின் அடிப்பக்கம் முடியில்லாத இடம் இருக்கிறதல்லவா, அங்கே விரலில் ஏதோ தட்டியது. திருப்பிப் பார்த்தால் கறுப்பாக, வழவழப்பாக, ஊறவைத்த கொண்டைக்கடலை அளவில் மூன்று. ஆசனவாய்க்குப் பக்கத்தில் கொஞ்சம் பெரிதாக இன்னொன்று. அழுத்தினால் முத்து ஒன்றும் சொல்லவில்லை, வலிக்கிற மாதிரி தெரியவில்லை. புண் இல்லை, ரத்தம் இல்லை.

லாயத்தில் கேட்டேன். ஒருவர் மரு என்றார், இன்னொருவர் வெள்ளைக் குதிரை என்றால் இது வரத்தான் செய்யும், விட்டுவிடு என்றார். மூன்றாமவர் புற்றுநோய் என்று சொல்லிவிட்டுக் கோப்பி குடிக்கப் போய்விட்டார். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 மஞ்சள்பொடி · திங்கள், இரவு 10.05

மருதான். அதன் வாலிலிருந்தே ஒரு முடியைப் பிடுங்கி அடியில் இறுக்கிக் கட்டுங்கள். பத்து நாளில் காய்ந்து விழும். மனிதருக்கு வரும் மருவுக்கே குதிரை முடிதான் மருந்து. குதிரைக்குக் குதிரை முடி வேலை செய்யாதா என்ன?

#3 சைஸ்பேரன் · திங்கள், இரவு 10.11

அக்கா, தயவுசெய்து எதையும் கட்டாதீர்கள். நான் கட்டியிருக்கிறேன். அந்தக் கதையை நாளைக்கு எழுதுகிறேன், இப்போது கடைசிப் புல் வைக்கும் நேரம்.

#4 உட்லண்ட்ஸ்_வெட்நர்ஸ் · திங்கள், இரவு 11.20

முத்துவின் அக்கா, முதலில் மூச்சு விடுங்கள். இன்றோ நாளையோ ஒன்றும் ஆகிவிடாது.

நான் டாக்டர் இல்லை, கால்நடை மருத்துவமனையில் நர்ஸ். படம் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால் 17 வயது, வெளுத்த குதிரை, வாலின் அடி, கறுப்பு, வழவழப்பு, வலியில்லை என்று நீங்கள் எழுதியதைப் படிக்கும் எந்த வெட்டுக்கும் (கால்நடை டாக்டருக்கும்) முதலில் தோன்றுவது மெலனோமாதான். தோலுக்கு நிறம் தரும் செல்களில் வரும் கட்டி. 15 வயதைத் தாண்டிய சாம்பல் குதிரைகளில் சுமார் 80 சதவீதத்துக்கு ஏதோ ஒரு அளவில் இது இருக்கும் என்று பாடப்புத்தகங்களிலேயே போட்டிருப்பார்கள். வாலின் அடி, ஆசனவாய், ஆண்குறி உறை, உதடு, தாடைக்குப் பின்னால் காதுக்கு அடியில் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பி, இவைதான் அதற்குப் பிடித்த இடங்கள்.

வெட் வருவதற்கு முன் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஈஸி-லிங்க் பயண அட்டையையோ 20 காசு நாணயத்தையோ கட்டிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு படம் எடுங்கள். 20 காசு 21 மில்லிமீட்டர் குறுக்களவு, நல்ல அளவுகோல். வெறும் கட்டியை மட்டும் எடுத்த படத்தில் அளவு தெரியாது, போன மாதத்தைவிடப் பெரிதா சிறிதா என்று பிறகு நாம் சண்டை போட்டுக்கொண்டிருப்போம். தேதி போட்டு வையுங்கள். அப்படியே உதட்டைத் திருப்பிப் பாருங்கள், காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் உப்பியிருந்தால் வெட்டிடம் சொல்லுங்கள்.

#5 கிண்டி_கேலரி · செவ்வாய், காலை 7.15

எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே எழுதுகிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும். சென்னையில் கிண்டி ரேஸ்கோர்ஸ் வேலிக்கு வெளியே நின்று வளர்ந்தவன், வம்சாவளி என்றால் எனக்குச் சாப்பாடு வேண்டாம்.

முத்து வெள்ளைக் குதிரையாகப் பிறந்திருக்காது. சாம்பல் குதிரை கறுப்பாகவோ பழுப்பாகவோ பிறந்து, நமக்கு நரைப்பது போல வருடா வருடம் நரைக்கும். அடித்தோல் கடைசிவரை கறுப்புதான், நனைந்தால் தெரியும். இந்த நரைக்கும் கட்டிக்கும் ஒரே மூலம். எஸ்டிஎக்ஸ்17 என்ற மரபணுவுக்குள் 4,600 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு இரட்டித்துக் கிடக்கிறது என்று 2008இல் கண்டுபிடித்தார்கள். நிறச் செல்களை அது ஓயாமல் விரட்டுகிறது. முடிக்கு நிறம் கொடுக்கும் செல்கள் சீக்கிரம் தீர்ந்து போகின்றன, தோலில் இருப்பவை பெருகிக்கொண்டே போகின்றன. 2024இல் இன்னொன்றும் தெரிந்தது: வேகமாக வெளுக்கும் குதிரைகளில் அந்தத் துண்டு மூன்று முறை அடுக்கியிருக்கிறது. மெதுவாக வெளுப்பவற்றில் இரண்டு முறைதான், அவற்றுக்கு மெலனோமா அவ்வளவாக வருவதில்லை.

அக்கா, முத்து எத்தனை வயதில் முழு வெள்ளை ஆனது என்று பழைய படங்களில் பாருங்கள். வைத்தியத்துக்கு உதவாது, தெரிந்துகொள்ளும் ஆசைதான்.

(இதற்குச் சம்பந்தமில்லாத ஒன்று: தரோபிரெட் என்ற பந்தயக் குதிரை இனத்தில் இருக்கும் சாம்பல் நிறமெல்லாம் 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இங்கிலாந்தில் இருந்த ஆல்காக்ஸ் அரேபியன் என்ற ஒரே ஆண் குதிரையிலிருந்து வந்தது என்பார்கள். முத்துவின் வால் அடியில் இருப்பது 300 வருடச் சொத்து.)

#6 சைஸ்பேரன் · செவ்வாய், பகல் 1.30

சொன்ன கதை.

ஆறேழு வருடம் இருக்கும். நான் அப்போது வேறொரு லாயத்தில் வேலை. பெயர் வேண்டாம், தப்பு என்னுடையது. அங்கே கருப்பட்டி என்று ஒரு பழுப்புக் குதிரை, வயது ஐந்து. நெஞ்சில், முன்னங்கால் இரண்டுக்கும் நடுவே, சுண்டுவிரல் நுனி மாதிரி ஒரு சதை தொங்கியது. தோல் நிறம்தான். பார்த்தால் மருவே. என் மாமா ஊரில் மாட்டுக்குக் கட்டுவார், அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். வாலிலிருந்து ஒரு நீள முடியைப் பிடுங்கி, எண்ணெய் தடவி, இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டேன். தினமும் கொஞ்சம் இறுக்கினேன். ஒன்பதாம் நாள் காலையில் மரத்தூளில் கறுத்துக் கிடந்தது. எல்லாருக்கும் கோப்பி வாங்கிக் கொடுத்தேன்.

ஆறு வாரத்தில் அதே இடத்தில் சிவப்பாக, ஈரமாக, காலிஃபிளவர் மாதிரி ஒன்று கிளம்பியது. முதலில் எலுமிச்சை. அப்புறம் என் கை முஷ்டி. நெஞ்சுவார் உரசினால் ரத்தம். ஈ மொய்க்கும், அதை விரட்டக் குதிரை நாள் முழுவதும் காலை உதைத்துக்கொண்டே இருக்கும். நாற்றம் வேறு. நான் மஞ்சள் பூசினேன், வேப்பெண்ணெய் பூசினேன், அதுவும் என் கைங்கரியம்தான்.

கடைசியில் வெட் வந்தார். பார்த்ததும் அவர் கேட்டது, "இதை யார் தொட்டது?" என்பதுதான். மாதிரி எடுத்து அனுப்பினார், சார்காய்ட் என்று வந்தது. உலகத்தில் குதிரைகளுக்கு மிக அதிகமாக வரும் தோல் கட்டி அது. உள்ளுறுப்புக்குப் பரவாது, ஆனால் இருக்கும் இடத்தில் வேர் விட்டுக்கொண்டே போகும். அதற்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அரைகுறையாகச் சீண்டினால் ஆத்திரத்தோடு திரும்பி வரும். கட்டுவது, கிள்ளுவது, பாதி வெட்டுவது எல்லாம் சீண்டல்தான்.

பிறகு நடந்தது: மயக்க ஊசி போட்டு, கட்டியைச் சுற்றி நல்ல தோலையும் இரண்டு சென்டிமீட்டர் சேர்த்து எடுத்தார்கள். காயத்தைச் சுற்றிச் சிஸ்பிளாட்டின் என்ற மருந்தை ஊசியில் ஏற்றினார்கள், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, மொத்தம் நான்கு தடவை. மனிதப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் அதே மருந்து. ஊசி போடும் நாளில் கையுறை இல்லாமல் யாரும் கிட்டே போகக்கூடாது. லாயத்தில் கர்ப்பமாக இருந்த ஒரு பெண்ணை அந்தப் பக்கமே வரவிடவில்லை. அதற்கப்புறம் இரண்டு வருடம் நான் அங்கே இருந்தவரை திரும்ப வரவில்லை. ஆனால் கையகலம் முடியில்லாத தழும்பு நின்றுவிட்டது. அன்றைக்குச் சுண்டுவிரல் நுனியோடு வெட்டைக் கூப்பிட்டிருந்தால் தழும்பும் விரல் அளவில் முடிந்திருக்கும்.

#7 மஞ்சள்பொடி · செவ்வாய், பகல் 2.02

ஒரு குதிரைக்கு நடந்ததை வைத்து நாட்டு வைத்தியமே தப்பு என்று சொல்லக்கூடாது தம்பி. இந்தச் சார்காய்ட் எதனால் வருகிறது, அதைச் சொல்லுங்கள்.

#8 உட்லண்ட்ஸ்_வெட்நர்ஸ் · செவ்வாய், மாலை 6.40

மாட்டுக்கு மரு உண்டாக்கும் வைரஸ்தான், பாப்பிலோமா வகை 1, வகை 2. மாட்டில் அது சாதாரண மருவாக வந்து தானாக உதிரும். குதிரைத் தோலுக்குள் போனால் போக வழி தெரியாமல் அங்கேயே தங்கி இப்படிச் செய்கிறது. எல்லாக் குதிரைக்கும் வராது, பரம்பரையில் இடம் கொடுக்கும் குதிரைக்குத்தான் வரும்.

#9 மஞ்சள்பொடி · செவ்வாய், மாலை 6.58

சிங்கப்பூரில் மாடு எங்கே இருக்கிறது? பொங்கலுக்குத் தேக்காவில் கொண்டுவந்து நிறுத்துவார்களே, அதைத் தவிர நான் மாட்டைப் பார்த்ததே கிடையாது. அந்த மாடு வந்து உங்கள் குதிரைக்கு ஒட்டிவிட்டதா?

#10 உட்லண்ட்ஸ்_வெட்நர்ஸ் · செவ்வாய், மாலை 7.25

சிரித்துவிட்டேன். நல்ல கேள்விதான் அண்ணே. இங்கே இருக்கும் குதிரைகள் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மாடு மேயும் புல்வெளிக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்து, விமானத்தில் வந்தவை. அதோடு குதிரைக்கென்றே பழகிப்போன வைரஸ் வகைகளும் உண்டு, அவை குதிரையிலிருந்து குதிரைக்கே போகின்றன. கட்டியில் உட்கார்ந்த ஈக்களின் உடம்பில் இந்த வைரஸின் மரபணு கிடைத்திருக்கிறது. அதனால்தான் சார்காய்ட் உள்ள குதிரைக்குத் தனி பிரஷ், தனி சேணத்துணி, ஈ வலை என்று சொல்கிறோம். காயம் பட்ட இடத்தில் ஈயை உட்கார விடக்கூடாது என்பது அங்கிருந்து வந்தது.

முடி கட்டுவதைப் பற்றி இன்னும் ஒன்று. குதிரைக்கு டெட்டனஸ் மிகச் சீக்கிரம் பிடிக்கும், மனிதரைவிட, மாட்டைவிட. ரத்த ஓட்டம் இல்லாமல் அழுகும் சதை அந்தக் கிருமிக்கு விருந்து. சில வெட்டுகளே ரப்பர் வளையம் போடுவதுண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் முதலில் அது சார்காய்ட்தான், தோலுக்கு அடியில் வேர் இல்லை, தோல் தாராளமாக நகர்கிறது என்று பார்த்துவிட்டு, டெட்டனஸ் ஊசி போட்டுவிட்டுச் செய்கிறார்கள்.

முத்துவுக்கு இருப்பது இதுவல்ல என்றே நினைக்கிறேன். இழை திசை மாறுகிறது, மன்னிக்கவும்.

#11 புக்கித்தீமா_பெரியவர் · செவ்வாய், இரவு 8.45

வணக்கம். தாத்தா சொல்லச் சொல்ல நான் தட்டுகிறேன், நான் பேத்தி. பழைய குதிரைக்காரர் என்பதால் இந்த இழையைப் படித்துக் காட்டினேன்.

தாத்தா சொல்வது:

நான் புக்கித் தீமா ரேஸ்கோர்ஸில் சைஸாக, அதாவது குதிரை பராமரிப்பவனாக, இருந்தவன். என் அப்பாவும் அதே வேலை. அவருடைய அப்பா, இன்றைக்கு ரேஸ்கோர்ஸ் ரோடு என்று பெயர் மட்டும் மிச்சமிருக்கிறதே, அந்தப் ஃபேரர் பார்க் திடலில் குதிரை பிடித்தவர். 1933இல் புக்கித் தீமாவுக்கு மாறினார்கள், 1999இல் கிராஞ்சிக்கு. கிராஞ்சிக்கு நான் போகவில்லை, கால் வலி. 2024 அக்டோபர் 5ஆம் தேதி சிங்கப்பூரின் கடைசிக் குதிரைப் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அதைப் பற்றி வேண்டாம்.

அந்தக் காலத்தில் பந்தயக் குதிரையிடம் இந்தக் கறுப்புக் கட்டியை நாங்கள் அதிகம் பார்த்தது கிடையாது. காரணம் சொல்கிறேன். ஓட்டக்குதிரை ஏழு, எட்டு வயதில் போய்விடும். கட்டி அதற்கப்புறம்தான் வரும். கிழட்டுச் சாம்பல் குதிரை என்று எங்களிடம் இருந்தது மற்றக் குதிரைகளைத் தடத்துக்குக் கூட்டிப்போகும் துணைக் குதிரை ஒன்றுதான். நல்ல பொறுமைசாலி. அதற்கு வாலடியில் இரண்டு மணி இருந்தது. பெரிய டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார், தொடாதே, தொட்டால் பரவும், விடு என்று. விட்டோம். இரண்டு நாலாச்சு, நாலு பத்தாச்சு. பிறகு எல்லாம் ஒட்டிக்கொண்டு திராட்சைக் குலை மாதிரி. வெடித்துத் தார் மாதிரிக் கறுப்பாக வடியும். கடைசியில் சாணி போட முடியவில்லை. நான் தினமும் வெந்நீர் வைத்துக் கையால் துடைத்துவிடுவேன். ஒரு நாள் காலையில் அதைத் தூங்க வைத்தார்கள். தலையை நான்தான் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் பேச்சைத் தப்பு என்று சொல்லமாட்டேன். அன்றைக்கு எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். வெட்டியிருந்தால் பிழைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண் இப்போதே டாக்டரைக் கூப்பிடட்டும்.

#12 முத்துவின்_அக்கா · செவ்வாய், இரவு 9.10

தாத்தா, படித்துவிட்டு வெகு நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றி.

வெட்டுக்குச் சொல்லிவிட்டேன், வெள்ளிக்கிழமை வருகிறார். ஆனால் ஒரு குழப்பம். சைஸ்பேரன் அண்ணன் சொல்வது, சீண்டாதே. தாத்தா சொல்வது, விட்டு வைக்காதே. இரண்டையும் எப்படிச் சேர்த்துப் பிடிப்பது?

#13 உட்லண்ட்ஸ்_வெட்நர்ஸ் · செவ்வாய், இரவு 10.30

இரண்டும் வேறு வேறு நோய் என்பதுதான் பதில்.

"வெள்ளைக் குதிரைக் கட்டியைத் தொடாதே" என்ற விதி எப்படி வந்தது என்றால், முன்பெல்லாம் கட்டி பெரிதாகிக் குலையான பிறகுதான் கத்தி எடுத்தார்கள். முழுவதும் எடுக்க முடியவில்லை, மிச்சம் வளர்ந்தது, பழி கத்தி மேல் விழுந்தது. குதிரை மெலனோமா பல வருடம் அசையாமல் இருக்கும், அதனால் விடலாம் என்றும் தோன்றியது. ஆனால் அதில் ஒரு பங்கு பிறகு வேகம் எடுத்து உள்ளே, குடல் பக்கம், நிணநீர்க் கணு, முதுகெலும்பு என்று போகிறது. எது போகும், எது போகாது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே இன்றைக்குப் பல வெட்டுகளின் கட்சி: கடலை அளவில் இருக்கும்போதே எடுத்துவிடு. சிறியதென்றால் படுக்க வைக்க வேண்டியதே இல்லை. நின்றபடி தூக்க ஊசி, அந்த இடத்தில் மரத்துப்போகும் ஊசி, அவ்வளவுதான். எடுக்க முடியாத இடத்தில் இருப்பதற்குச் சிஸ்பிளாட்டினை நேரே கட்டிக்குள் ஏற்றுகிறார்கள்.

சார்காய்ட் இதற்கு நேர் எதிர். அதில் முடி உதிர்ந்து சாம்பல் வட்டமாகத் தட்டையாகக் கிடக்கும் வகை ஒன்று உண்டு, படர்தாமரை என்று நினைப்போம். வருடக்கணக்கில் அப்படியே கிடந்தால் படம் எடுத்துக் கண்காணித்துக்கொண்டு சும்மா இருப்பதும் வைத்தியம்தான். கை வைப்பதென்றால் ஒரே தடவையில் முழுசாக, கூடவே இன்னொரு மருந்தோடு. லேசர், திரவ நைட்ரஜனில் உறைய வைப்பது, இமிக்விமோட் அல்லது ஃப்ளூரோயூராசில் களிம்பு என்று வழிகள் பல. இத்தனை வழி இருக்கிறது என்பதே, எதுவும் எல்லாக் குதிரைக்கும் கேட்பதில்லை என்பதற்கு அத்தாட்சி. கண்ணோரத்தில் வந்தால் பிசிஜி ஊசியைக் கட்டிக்குள் போடுவார்கள். ஆமாம், நாம் பிறந்ததும் போடும் அதே காசநோய்த் தடுப்பூசி. உடம்பின் எதிர்ப்பு சக்தியை அந்த இடத்துக்குத் தூண்டிவிடுவதற்கு. இரண்டாவது, மூன்றாவது ஊசியில் கடுமையான ஒவ்வாமை வந்து குதிரை விழுந்துவிடக்கூடும் என்பதால் முன்கூட்டியே மருந்து கொடுத்துவிட்டுத்தான் போடுவார்கள்.

இணையத்தில் விற்கும் கறுப்புக் களிம்புகளை மட்டும் வாங்காதீர்கள். நல்ல சதையையும் சேர்த்து எரிக்கும், ஒரு முறை அந்த எரிச்சலைப் பார்த்த குதிரை அடுத்த முறை உங்களைக் கிட்டே விடாது.

#14 ஜொகூர்_வாசு · புதன், காலை 8.05

எங்கள் கதையையும் போட்டு வைக்கிறேன், கறுப்பும் பழுப்பும் பேசியாயிற்று, வெளுப்பு பாக்கி.

மகளின் மட்டக் குதிரை, பழுப்பு வெள்ளைத் திட்டு. ஒரு கண்ணைச் சுற்றித் தோல் ரோஜா நிறம். அந்தக் கண்ணில் மட்டும் நீர் வடியும். தூசி, ஈ என்று சொல்லிச் சொட்டு மருந்தாகவே மூன்று மாதம் ஓட்டினோம். போட்டால் இரண்டு நாள் நன்றாக இருக்கும், அப்புறம் பழைய கதை. ஒரு நாள் மகள்தான், "அப்பா, கண்ணு ஓரத்துல மாதுளை முத்து மாதிரி இருக்கு" என்றாள். கண்ணின் உள்மூலையில் இருக்கும் மூன்றாம் இமையின் விளிம்பில் சிவப்பாக, சொரசொரப்பாக ஒரு பட்டாணி.

ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, புற்றுநோயில் ஒரு வகை. நிறமில்லாத தோலில் வெயில் பட்டுப் பட்டு வருவது. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், மத்தியானத்தில் புற ஊதாக் குறியீடு 11ஐத் தொடுவது இங்கே சர்வசாதாரணம். ரோஜா முகத்துக் குதிரையைப் பகல் பூராவும் வெளியே நிறுத்தினோம், நாங்கள்.

மூன்றாம் இமையையே எடுத்துவிட்டார்கள், நின்றபடியே. பிறகு சில வாரம் மைட்டோமைசின் என்ற புற்றுநோய் மருந்துச் சொட்டு. கண் தப்பியது. இப்போது வெயிலைத் தடுக்கும் ஈ முகமூடி இல்லாமல் வெளியே விடுவதில்லை, காலை பத்துக்குள் உள்ளே கொண்டுவந்துவிடுவோம். ஒரே கண்ணில் விடாமல் நீர் வடிந்தால் சொட்டு மருந்தை நீட்டிக்கொண்டே போகாதீர்கள்.

#15 உட்லண்ட்ஸ்_வெட்நர்ஸ் · புதன், காலை 8.40

வாசு அண்ணன் சொன்ன அதே கட்டி ஆண் குதிரையின் குறியிலும் வரும். அங்கே வெயில் காரணமில்லை, குதிரைக்கே உரிய ஒரு பாப்பிலோமா வைரஸ் சம்பந்தப்பட்டிருக்கிறது. யாரும் பார்க்காத இடம் என்பதால் வாடை வரும்போதோ ரத்தம் சொட்டும்போதோதான் தெரியவரும். உறையைக் கழுவும்போது அவசரப்படாமல் விரலால் தடவிப் பாருங்கள். கூச்சப்பட்டுப் பல பேர் இதைச் செய்வதில்லை.

#16 லிம்சூகாங்_லட்சுமி · புதன், மதியம் 12.15

கட்டி என்று பயந்து கட்டியாக இல்லாமல் போனதும் உண்டு. என் குதிரையின் காலில் காயம், ஆறாமல் சதை பொங்கியது. சார்காய்ட் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். அழுத்தினால் மஞ்சளாக அரிசி நொய் மாதிரி மணல் மணலாக வந்தது. ஈ கொண்டுவந்து விடும் ஹாப்ரோனீமா என்ற புழுவின் குட்டிகளாம். ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து கொடுத்து, வீக்கத்துக்கு மருந்து போட்டு, கட்டுக் கட்டி ஒரு மாதத்தில் ஆறிவிட்டது. வெறும் துர்சதையும் அப்படியேதான் இருக்கும், நரம்பே இல்லாமல் வலிக்காமல் பொங்கும். இந்த ஈர ஊரில் தேங்கிய தண்ணீரில் நிற்கும் குதிரைக்குப் பித்தியம் என்ற கிருமித் தொற்று வரலாம் என்றும் வெட் சொன்னார், அது வேகமாகத் தின்னுமாம். காலில் இருப்பதைக் கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது என்பது அவர் கட்சி.

#17 மஞ்சள்பொடி · புதன், மதியம் 12.40

சரி. மரு என்று நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் குட்டிக் குதிரைகளின் மூக்கில் வருவது மருதானே? அது தானாகவே போய்விடும் என்பது எனக்குத் தெரியும், பார்த்திருக்கிறேன்.

#18 உட்லண்ட்ஸ்_வெட்நர்ஸ் · புதன், மதியம் 1.05

அது மருவேதான் அண்ணே, சில மாதத்தில் போய்விடும். அதில் உங்களுக்கு முழு மதிப்பெண்.

#19 முத்துவின்_அக்கா · வெள்ளி, இரவு 8.30

வெட் வந்து போனார். மெலனோமாதான். ஒன்றில் ஊசி குத்தி எடுத்தார், சிரிஞ்சுக்குள் கறுப்பு மை மாதிரி வந்தது. கண்ணாடித் தட்டில் தடவியபோது என் கை நடுங்கியது. உள்ளே கைவிட்டுப் பார்த்ததில் இடுப்புக்குள் கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. காதடியிலும் இல்லை, உதட்டில் மிளகு மாதிரி ஒன்று மட்டும்.

வாலடியில் இருக்கும் மூன்றையும் அடுத்த வியாழன் எடுக்கிறார். ஆசனவாய்ப் பக்கம் இருப்பது வளையத் தசையை ஒட்டியிருக்கிறது, வெட்டினால் சாணத்தை அடக்க முடியாமல் போகலாம், அதனால் அதற்கு மட்டும் சிஸ்பிளாட்டின். உதட்டில் இருப்பதைப் படம் எடுத்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்கலாம் என்றார். வயிற்றுப் புண்ணுக்குக் கொடுக்கும் சிமெடிடின் மாத்திரை கட்டியைச் சுருக்கும் என்று படித்தேன், கேட்டேன். சிலவற்றுக்குக் கேட்டது, பலவற்றுக்குக் கேட்கவில்லை, காசை அறுவைக்கு வைத்துக்கொள் என்றார். நாய்களின் வாயில் வரும் மெலனோமாவுக்கான தடுப்பூசியைக் குதிரைக்கும் போட்டுப் பார்ப்பதுண்டாம், அதை இப்போதைக்கு வேண்டாம் என்று நாங்கள் இருவருமே முடிவு செய்தோம்.

புதிதாக வராது என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. தோலில் இருப்பது ரத்தத்தில் எழுதியது, இன்னும் வரும், வர வர எடுப்போம் என்றார். அதைக் கேட்டு ஏனோ நிம்மதியாக இருந்தது.

கிண்டி அண்ணன், பழைய படம் கிடைத்தது. ஏழு வயதிலேயே முழு வெள்ளை.

#20 கிண்டி_கேலரி · வெள்ளி, இரவு 8.44

வேகமாக நரைத்தவன். மூன்று அடுக்குக்காரன் போலிருக்கிறது.

#21 புக்கித்தீமா_பெரியவர் · வெள்ளி, இரவு 9.20

பேத்திதான். தாத்தா கேட்கச் சொன்னார்: அறுவைக்கு வால்முடியைச் சிரைத்துவிடுவார்களா? சிரைத்தால் ஈ ஓட்ட ஒன்றும் இருக்காது, காயத்தில் ஈ உட்காரும், வால்முடி முழு நீளம் வர இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும் என்கிறார். முழுசாகப் பின்னி, நுனியை மடித்து, பழைய பருத்தித் துணியால் சுற்றி ஒரு பக்கமாக இழுத்துக் கட்டினால் போதுமாம். ரப்பர் போடக்கூடாதாம். எப்படிப் பின்னுவது என்று என் தலைமுடியில் செய்து காட்டுகிறார், வீடியோ எடுத்து அனுப்புகிறேன்.

#22 சைஸ்பேரன் · வெள்ளி, இரவு 9.31

வியாழன் எனக்கு ஓய்வு நாள். குதிரையைப் பிடிக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன் அக்கா. பெரியவருக்கு வர முடியுமா என்று கேளுங்கள், கிராஞ்சி எம்ஆர்டியிலிருந்து வண்டியில் ஏற்றிக்கொள்கிறேன்.

#23 முத்துவின்_அக்கா · வியாழன், பகல் 2.15

முடிந்தது. நாற்பது நிமிடம். முத்து தலையைத் தொங்கப்போட்டுக் குறட்டை விட்டுக்கொண்டு நின்றது. மூன்றும் ஒரு தட்டில் கிடந்தன, கறுப்புத் திராட்சையை இரண்டாக வெட்டியதைப் போல உள்ளேயும் கறுப்பு. நான்காவதற்கு முதல் ஊசி ஆயிற்று, இரண்டு வாரத்துக்கு எல்லாரும் கையுறையோடுதான்.

தாத்தா வந்திருந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. வாலை அவர்தான் பின்னினார், ஒரு முடிகூடச் சிரைக்கவில்லை. வெட் துணியை எடுத்துவிட்டுத் தன் கட்டைப் போடப் போனார். அந்தப் பின்னலைப் பார்த்ததும், "இருக்கட்டும்" என்று அதன் மேலேயே கட்டிவிட்டார்.